டாக்கோட்டாவின் காதில் இரைச்சல்

வயர்லெஸ் பழுது பார்ப்பவனை எந்த வீட்டிலும் முழுசாக நம்புவதில்லை. அவன் முன்னால் பெட்டி ஒழுங்காகப் பாடும், அவன் படியிறங்கியதும் கரகரக்கும். ரேடியோவோ, தையல் மிஷினோ, தண்ணீர்ப் பம்போ, எதையாவது திறந்து பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவர் நீங்கள் என்றால் இந்த அவமானம் உங்களுக்கும் பழகியிருக்கும். என் கதை கொஞ்சம் தலைகீழ். நான் பழுது பார்த்தது ஒரு விமானம். எங்கள் முன்னால் அது சாதுவாக இருக்கும். மேலதிகாரி ஏறினால் மட்டும் கரகரக்கும்.

அரிசி மூட்டை சுமந்தது

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் இன்னும் முடியவில்லை. மலாக்காவில் பத்து பெரண்டம் என்ற இடத்து ஓடுதளத்துக்கு ஒரு பழைய டாக்கோட்டா விமானம் வந்து சேர்ந்தது. யுத்தத்தில் பர்மா பக்கம் அரிசி மூட்டையும் பாராசூட் சிப்பாய்களும் சுமந்த விமானம். இப்போது அதன் வயிற்றிலிருந்த பலகைகளைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பக்கமும் வயர்லெஸ் பெட்டிகளை அடுக்கச் சொன்னார்கள். குண்டு கிடையாது, துப்பாக்கி கிடையாது. காட்டுக்குள்ளிருந்து யாராவது வயர்லெஸ்ஸில் பேசினால், எந்தத் திசையிலிருந்து பேசுகிறார்கள் என்று வானத்திலிருந்து கேட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அதற்கு வேலை.

நாங்கள் நான்கு பேர். ஓட்டுகிறவர் கேப்டன், நரைத்த தலை வெள்ளைக்காரர், யுத்தத்தில் இதே விமானத்தை ஓட்டியவர். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறவன் பிரான்சிஸ், மலாக்காவிலேயே உஜோங் பாசிர் பகுதிப் போர்ச்சுகீசியன். தகரம், ஆணி, துளை எல்லாம் நடேசன் பிள்ளை. அவர் எங்கள் ஊர் காஜா பேராங்கிலேயே செட்டிக் கம்போங் என்ற பழைய குடியிருப்புக்காரர்; பேர் தமிழ், சாமி தமிழ், பேச்சு மட்டும் மலாய், நடுநடுவே நாலு தமிழ்ச் சொல். அவர் சொன்னதை இங்கே தமிழாக்கித்தான் தருகிறேன். பெட்டிகளுக்கு நான். தமிழ்ப்பள்ளியில் ஆரம்பித்து இங்கிலீஷ் பள்ளியில் முடித்தவன் என்பதால், தடிப் புத்தகங்களைப் படித்துச் சொல்வதும் என் தலையில் விழுந்தது.

முதல் நாள் எங்களை உள்ளே ஏற்றிக் காட்டிய கேப்டன், விமானத்தின் சுவரைத் தட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பர்மாவில் இது கோவேறு கழுதைகளைக்கூடச் சுமந்திருக்கிறது. உங்களைப் பற்றியும் குறை சொல்லாது."

படத்தில் இருக்கும் கம்பி

விமானத்தின் கூரையை ஒட்டி, முன்னாலிருந்து வால் வரைக்கும் ஒரு இரும்புக் கம்பிக்கயிறு ஓடியது. பாராசூட்காரர்கள் குதிப்பதற்கு முன் தங்கள் வாரை அதில்தான் கொக்கி போட்டு மாட்டுவார்களாம். இப்போது குதிக்க ஆள் இல்லை. சும்மா இருக்கிற கம்பியை நம் ஊர்க்காரர் சும்மா விடுவாரா? இரண்டாம் நாளே நடேசன் பிள்ளை தன் ஐந்தடுக்கு டிபன் கேரியரை அதில் மாட்டிவிட்டார். பிறகு பிரான்சிஸின் கேரியர், என்னுடையது. சோதனைக்காகக் கடல் மேல் ஒரு சுற்றுப் பறக்கும்போது நாங்களும் கூட ஏறுவோம், கேரியர்கள் தலைக்கு மேல் வரிசையாக ஆடும். இறங்கியதும் இறக்கைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பாடு.

இவற்றையெல்லாம் சரிபார்க்க சிங்கப்பூரிலிருந்து ஒரு அதிகாரி வருவார். தடித்த கண்ணாடி, கையில் ஒரு கட்டு வரைபடம். விமானத்தின் படத்தில் இருப்பது உள்ளே இருக்க வேண்டும், படத்தில் இல்லாதது இருக்கக் கூடாது. அதுதான் அவருடைய வேதம். அவர் வரும் அன்று விடியற்காலையிலேயே கேரியர், சட்டை, செருப்பு எல்லாவற்றையும் இறக்கி உள்ளே துடைத்து வைத்துவிடுவோம். அவர் இருக்கும்போது நாங்கள் பறக்கவும் கூடாது. பறப்பவர் பட்டியல் என்று ஒன்று உண்டு, உள்ளூர் ஆட்கள் யாரும் அதில் இல்லை. அதிகாரியோடு கேப்டனும் பிரான்சிஸும் மட்டும் போவார்கள். பிரான்சிஸ் சிங்கப்பூரில் சேர்ந்து இங்கே மாற்றலாகி வந்தவன், அதனால் பட்டியலில் இருந்தான்.

ஒருநாள் துணிந்து அவரிடம், "சார், யாரும் குதிக்கப் போவதில்லை. இந்தக் கம்பியைக் கழற்றிவிட்டால் தலையில் இடிக்காது" என்றேன். அவர் கட்டைப் புரட்டினார், விரலை வைத்துப் பார்த்தார், கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "கம்பி படத்தில் இருக்கிறது, மிஸ்டர் கேசவன். நீங்கள்தான் படத்தில் இல்லை."

கொசு மருந்து

இந்த வேலையைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். காஜா பேராங்கில் ரகசியம் காப்பது எப்படி என்று அவர்கள் சொல்லித் தரவில்லை. விமானம் தாழப் போகிறது, தினமும் போகிறது, வயிற்றுக்கடியில் ஏதோ கம்பிகள் தொங்குகின்றன. வீட்டுக் கூரைகளைப் படம் பிடிக்கிறது என்றார் காப்பிக் கடைக்காரர். இல்லை, கொசு மருந்து தெளிக்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மா முடிவு கட்டினார். அது தலைக்கு மேல் வந்தால் கொடியில் காயும் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவார்.

ஒரு மத்தியானம் அவர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். "தம்பி, செமாபோக் பக்கமெல்லாம் சுத்துறீங்க, எங்க கால்வாய் பக்கம் ஒரு தடவைகூட மருந்து அடிக்கலையே, என்ன நியாயம்?" மருந்து இல்லை என்று சொன்னால் பிறகு என்னதான் இருக்கிறது என்று கேட்பார். இருக்கிறது என்றால் பொய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அவர் போன பிறகு என் மனைவி சரோஜா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நாளைக்கு அவங்க வீட்டு மேல கொஞ்சம் தாழப் போகச் சொல்லுங்க. கொசு போச்சுன்னு அவங்களே சொல்லிக்குவாங்க."

கடுகு வெடித்தது

பெட்டிகளை அடுக்கி முடித்ததும் அதிகாரி மூன்று சோதனைகள் வைத்தார். மலாக்காவைச் சுற்றி எங்கேயாவது ஒரு லாரியில் வயர்லெஸ் பெட்டியை வைத்து ஒளித்துவிடுவார்கள். லாரி எங்கே என்று விமானம் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்றிலாவது ஜெயித்தால் விமானம் எங்களோடு இருக்கும், என் பெயரும் பறப்பவர் பட்டியலில் ஏறும். அப்படிச் சேர்க்கச் சொல்லிக் கேப்டன் எழுதிக் கொடுத்திருந்தார். மூன்றும் தோற்றால் பெட்டிகளைக் கழற்றிவிட்டு மறுபடி அரிசி மூட்டை. எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த விமானத்துக்கு வேலை தெரிந்த ஆட்களை வெளியிலிருந்து கொண்டுவருவார்கள்.

முதல் சோதனை அன்று நானும் நடேசன் பிள்ளையும் கேரியரும் கையுமாக மரத்தடியில் நின்று, விமானம் ஏறுவதைப் பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. பிரான்சிஸ் காதைத் தேய்த்துக்கொண்டு வந்தான். எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரே இரைச்சலாம். லாரி என்ன, இடி விழுந்தாலும் கேட்டிருக்காதாம். மறுநாள் நாங்களும் ஏறி ஒரு சுற்றுப் போனோம். சுத்தமாக, ஜம்மென்று இருந்தது. பினாங்கு மீன் ஏலம்வரை கேட்டது.

இதை அதிகாரியிடம் கேப்டன் சொன்னபோது அவர் சிரிக்காமல் சொன்னார்: "இந்த விமானம் காட்டை உளவு பார்க்கவில்லை. தன்னையே உளவு பார்த்துக்கொண்டிருக்கிறது."

எலுமிச்சம்பழம்

ஈயம் வைத்துப் பற்றவைத்த ஒவ்வோர் இடத்தையும் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். அதிகாரி சொன்னது எனக்குள் தைத்துவிட்டது. உள்ளூர்க் கை வைத்த பற்றவைப்பு காற்றில் ஆடுகிறது என்று அறிக்கையில் வெளிப்படையாகவே எழுதியிருந்தார். புத்தகத்தை இங்கிலீஷில் படித்தேன், தமிழில் யோசித்தேன், இரண்டிலும் விடை இல்லை. இன்ஜின் வயர்களுக்கு உறை போட்டோம். இறக்கையிலிருந்து வால்வரை ஒவ்வொரு தகரத்தையும் செம்புப் பட்டையால் இணைத்தோம். நாங்கள் பறந்து பார்த்த மூன்று தடவையும் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

இரண்டாவது சோதனை. அதிகாரி ஏறினார், நாங்கள் இறங்கினோம். கடுகு வெடித்தது.

நடேசன் பிள்ளைக்கு ஈயத்திலும் செம்பிலும் நம்பிக்கை போய்விட்டது. இது அந்த மனிதரின் கண்ணேறுதான் என்று சொல்லி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து விமானக் கதவில் கட்டினார். அடுத்த முறை வந்த அதிகாரி அதைப் பார்த்தார், வரைபடக் கட்டைப் பார்த்தார், அவிழ்த்து என் கையில் கொடுத்தார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் நடேசன் பிள்ளை பல்லைக் கடித்தார்: "ஆலாமாக்! எலுமிச்சம்பழம் படத்துல இல்லையாம். இவன் மூஞ்சி மட்டும் எந்தப் படத்துல இருக்கு?"

மூன்றாவது நாள்

அன்றைக்கு கேப்டன் அடம் பிடித்தார். பழுது வரும்போது பழுது பார்ப்பவன் இல்லாவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது, கேசவன் ஏறாமல் நானும் ஏறமாட்டேன் என்றார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், கடைசித் தடவைதானே என்று தலையாட்டினார். அரிசி மூட்டைகளை ஏற்ற அடுத்த நாளே லாரி வரச் சொல்லியிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

விமானத்தின் உள்ளே கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருந்தோம். கதவு மூடப் போகும்போது நடேசன் பிள்ளை ஓடி வந்து தன் கேரியரை என் கையில் திணித்தார். "மாக்கான் டூலு! முதல்ல சாப்பிடு. வெறும் வயித்துல தோக்காதே." கதவு மூடிவிட்டது. அதிகாரி பார்ப்பதற்குள் கேரியரை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டேன். நடேசன் பிள்ளையின் மனைவி காமாட்சி அக்கா மஞ்சளும் புளியும் போட்டு வைத்த மீன் குழம்பு, அவர்கள் பேச்சில் மீன் பிண்டாங்; அடியடுக்கில் சோறு, நல்ல கனம்.

மேலே ஏறினோம். காதில் மாட்டினேன். முதல்முறையாக அந்தச் சத்தத்தை நானே கேட்டேன். கடுகு என்று பிரான்சிஸ் சொன்னது மரியாதைக்கு. தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை. பெட்டி பெட்டியாகத் தட்டினேன், வயர் வயராக அசைத்தேன். ஒன்றும் மாறவில்லை. விமானம் ஒரு குலுக்குக் குலுக்கியதில் பிண்டாங் ரசம் என் கால்சட்டையில் வழிந்தது. இரண்டு கையும் வேண்டும். யோசிக்காமல், தினமும் செய்கிற பழக்கத்தில், கேரியரைத் தூக்கித் தலைக்கு மேல் கம்பியில் மாட்டினேன்.

சத்தம் நின்றது.

பிரான்சிஸ் திரும்பிப் பார்த்தான். நான் கேரியரைக் கழற்றினேன். ஆலங்கட்டி மழை. மாட்டினேன். மழை விட்டது. தளர்ந்து தொங்கிய கம்பி, விமானம் அதிரும்போதெல்லாம் கூரை வளையங்களில் பட்டுப் பட்டு விலகியிருக்கிறது. அந்த உரசல்தான் பெட்டிகளின் காதில் விழுந்தது. நாங்கள் பறந்தபோதெல்லாம் மூன்று கேரியர்கள் அதைக் கீழே இழுத்து அசையாமல் பிடித்திருந்தன. அதிகாரி வருகிற நாளில் நாங்களே பயபக்தியோடு அவற்றை இறக்கி வைத்தோம்!

அதிகாரி எழுந்து வந்தார். என்னை நகர்த்திவிட்டு, காதில் மாட்டிக்கொண்டு, தன் கையாலேயே கேரியரைக் கழற்றினார். முகம் சுளித்தது. மாட்டினார். கழற்றினார். மாட்டினார். மூன்று தடவை. அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் பிண்டாங் மஞ்சளாக இறங்கியது. பிறகு உட்கார்ந்து, வரைபடக் கட்டை மூடி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மிஸ்டர் கேசவன், இந்தச் சாப்பாட்டை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

காப்பியில் விழுந்த இலை

இனி லாரி. லாரிப் பெட்டியின் சத்தம் எந்தப் பக்கம் மங்குகிறது என்று பிரான்சிஸ் வளைய ஏரியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஊர் வரைபடத்தில் ஒரு கோடு போட்டான். அது புக்கிட் காதில் என்ற ஊர் வழியாக நீண்டது. கேப்டன் விமானத்தைக் கடலோரம் கொண்டுபோனார். அங்கிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஆயர் குரோ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒன்றையொன்று வெட்டின. நேரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. விமானம் முழுக்க மீன் வாசனை. என் வயிறு இரைந்த இரைச்சல் பெட்டியில் கேட்டுவிடுமோ என்று பயந்தேன். ஆனாலும் கேரியரை நான் தொடவில்லை, பிரான்சிஸைத் தொடவும் விடவில்லை.

கேப்டன் மூக்கைத் தாழ்த்தினார். ரப்பர் மரங்களின் தலை ஒரு அலைபோலச் சாய்ந்தது. கீழே, பச்சைத் துணி போர்த்திய லாரி! பக்கத்தில் பாய் விரித்து மூன்று பேர். இரண்டு தடவை யாரும் வரவில்லை என்பதால் இந்தத் தடவை தலையணையோடு வந்திருந்தார்கள். கேப்டன் இறக்கைகளை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். பிரான்சிஸ் நாற்காலியிலேயே எழுந்து நின்று கத்தினான். அதிகாரிகூட ஜன்னலில் மூக்கை அழுத்திப் பார்த்தார்.

லாரியிலிருந்த மலாய் சார்ஜண்டின் குரல், ஒரு கரகரப்பும் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி எங்கள் காதில் வந்தது: "ஓய், சுடா லா, போதும்! பார்த்துட்டீங்க. காப்பி முழுக்க இலை விழுது, மேலே போங்க!"

ஒன்று, நிரம்பியது

ஜெயித்துவிட்டோம் என்று இறக்கைக்கு அடியில் உட்கார்ந்து பிண்டாங்கைச் சாப்பிட்டு முடித்தோம். மறுநாள் அதே கேரியரைக் காலியாக மாட்டிக்கொண்டு ஏறினோம். கடுகு வெடித்தது. கனம் போதவில்லை. கம்பியைக் கழற்றினால் தொல்லை தீரும், ஆனால் அதற்குப் படத்தையே மாற்ற வேண்டும். அது சீமைக்குப் போய்த் திரும்பப் பல மாதமாகும் என்றார் அதிகாரி. எடை ஒன்றைத் தொங்கவிட அவர் கையெழுத்தே போதும். ஆகவே கேரியரின் ஐந்து அடுக்கிலும் மணலை நிரப்பி, மூடியை ஈயம் வைத்து அடைத்தேன். அந்த உள்ளூர்ப் பற்றவைப்பைப் பற்றி அவர் ஒரு குறையும் எழுதவில்லை.

சாமான் பட்டியலை அவரே டைப் அடித்து வந்தார். "தொங்கும் எடை, ஐந்தடுக்கு, நிரம்பியது: ஒன்று." அதே தாளில், அதற்கு அடுத்த வரியில், பறப்பவர்: கேசவன், வயர்லெஸ். என் பெயரை நான் எத்தனையோ தாளில் பார்த்திருக்கிறேன், அன்றைக்குப் பார்த்த மாதிரி பார்த்ததில்லை. வேறு ஊர்க்காரர்கள் வரவில்லை. அரிசி மூட்டை லாரி வந்து, மூட்டையை இறக்காமலே திரும்பிப் போயிற்று. வீட்டில் விஷயத்தைச் சொல்ல முடியாது. பாயசம் மட்டும் வைக்கச் சொன்னேன், சரோஜா காரணம் கேட்காமல் வைத்தாள்.

நடேசன் பிள்ளை தாளை வாங்கி, இங்கிலீஷ் எழுத்தை விரலால் தடவிப் படித்தார். "பார்த்தியா கேசவா, என் பெண்டாட்டி சட்டி உனக்கு ஒரு வரி முன்னாலேயே ஏறிடுச்சு!"

திரும்பி வந்தது

படம் மாறி வந்ததா என்று கேட்காதீர்கள். விமானம் சிங்கப்பூர் போனது, பிறகு லாபுவான், நானும் கூடவே போனேன். காடு அமைதியான பிறகும் அது கடலைக் கேட்டது, புயலில் சிக்கிய படகுகளைக் கேட்டது. கேரியர் தலைக்கு மேல் ஆடிக்கொண்டே இருந்தது. புதிதாக வருகிற ஆட்கள் இது என்ன என்று கேட்டால், பட்டியலைப் பார் என்பேன். கடைசியில் விமானத்தை உடைத்துத் தகரமாக்கியபோது பெட்டிகளைத் தேடி வந்தார்கள், இன்ஜினைத் தேடி வந்தார்கள். தொங்கும் எடையை யாரும் தேடவில்லை. கையெழுத்துப் போட்டு நான் வாங்கிக்கொண்டேன்.

நாற்பத்தெட்டு வயதில் காஜா பேராங் திரும்பினேன். பெட்டி படுக்கையை இறக்கிய கையோடு கேரியரைத் தூக்கிக்கொண்டு செட்டிக் கம்போங்குக்கு நடந்தேன். நடேசன் பிள்ளை வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தாரோ இல்லையோ, கேரியரைப் பார்த்து எழுந்துவிட்டார். உளியால் ஈயத்தை நெம்பி மூடியைத் திறந்தோம். காமாட்சி அக்கா ஒவ்வோர் அடுக்காக எடுத்து, மணலைக் கவிழ்த்து, அடியில் விரலை விட்டுப் பார்த்தார். பிண்டாங் மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கண் கலங்குவார் என்று நினைத்தேன். "இத்தனை வருஷமா வானத்துல வெச்சிருந்தீங்களே, ஒரு தடவை கழுவ வேணாம்?"

மொத்தத்தில், ஒரு யுத்தத்தையே பார்த்துவிட்டு வந்த விமானத்தின் வாயை அடக்கியது காமாட்சி அக்காவின் மீன் பிண்டாங்கும், அன்று பன்னிரண்டு மணிக்கு மேலும் அதைத் தொடாமல் காத்த என் வயிறும்தான்.